பித்தளைக் கோடு

பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டி வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மட்கார்டு வளைவைத் தட்டிக்கொண்டே வந்தான் அந்தப் பையன். முன்பக்கம் ‘டங் டங்’ என்று இரும்பின் சத்தம். உச்சியைத் தாண்டிப் பின்னால் இறங்கியதும் சத்தம் செத்துவிட்டது. பழுத்த பப்பாளியைத் தட்டினால் வருமே, அப்படி ஒரு மொத்தையான ஓசை. அந்த இடத்தில் கையை நிறுத்தினான். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து முனையால் ஒரு குத்து. பெயின்ட் உடைந்து, தேரிக்காட்டு மண்ணைப் போல ஒரு கைப்பிடித் துரு தரையில் கொட்டியது.

“இத்துப் போச்சுண்ணே,” என்றான்.

இதே சொல்லை, இதே வண்டியின் இதே இடத்தைப் பார்த்து, 1998இல் இன்னொருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் பக்கத்தில் டவுசரோடு நின்றுகொண்டிருந்தேன்.

எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதவில்லை. குறை வண்டியில் இல்லை. தூத்துக்குடியில் உப்பும் மீனும் ஏற்றுகிற எந்த வண்டிக்கும் இந்தக் கதிதான். அப்பா 1993 மாடல் பிக்கப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். விடியுமுன் தருவைகுளம் ரோட்டு அளங்களில் உப்பு மூட்டை ஏற்றி, கருவாடு போடுகிற இடங்களில் இறக்குவார். திரும்பி வரும்போது மீன் கூடைகள். கூடைக்கு மேலும் கீழும் ஐஸ். ஐஸ் உருகி, மீன் கழிவும் உப்பும் கலந்த தண்ணீர் பின்தட்டின் இடுக்குகள் வழியாக இறங்கிச் சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவுக்குள் போய்ச் சேரும். சக்கரம் தன் பங்குக்கு அளத்து வரப்பின் சேற்றைக் கீழேயிருந்து வாரி அடிக்கும். மேலேயும் உப்பு, கீழேயும் உப்பு. நடுவில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகடு.

பார்ப்பதற்கு ஒரே தகடு போலத் தெரிந்தாலும் மட்கார்டு வளைவு இரண்டு தகடுகளால் ஆனது. வெளியே பெயின்ட் அடித்து மினுக்குகிற தகடு ஒன்று. உள்ளே சக்கரத்தைப் பார்த்திருக்கிற தகடு இன்னொன்று. இரண்டின் விளிம்புகளையும் சேர்த்து மடித்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்திருப்பார்கள். அந்த மடிப்புக்குள் புகுகிற சேறு வெயில் காலத்திலும் லேசில் காயாது. இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். அதில் உப்பும் சேர்ந்தால் அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு பல மடங்கு வேகமாகப் பரவும். போதாதற்கு, துரு தான் தின்ற இரும்பைவிடப் பருமனானது. உள்ளே ஊதி, தகட்டைப் பிளந்து, பெயின்டை அடியிலிருந்து தூக்கும். வெளியே பச்சைப் பயறு அளவில் ஒரு கொப்புளத்தை நாம் பார்க்கிறபோது உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் கதை முடிந்திருக்கும்.

கழுவினால் ஆகாதா என்று கேட்கலாம். எந்தத் தண்ணீரால் கழுவுவது? வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரவருணித் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் எப்போது வரும் என்று அம்மா குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. அந்தத் தண்ணீரை வண்டிச் சக்கரத்தில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? வண்டி கழுவ வீட்டுப் பின்னால் அடிபம்பு இருந்தது. அதில் வந்தது உவர்நீர். உப்பை உப்பால் கழுவிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும், வெறும் சேற்றோடு நிற்பதைவிட மேல் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அடித்துக் கழுவுவார்.

1998இல் அந்தச் சொல்லைச் சொன்னவர் மேஸ்திரி. எட்டயபுரம் ரோட்டில் ஒரு வேப்பமரத்தின் அடியில் அவருடைய டிங்கர் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் நாலு கல்தூண், மேலே கீற்று, ஒரு பெரிய புளியங்கட்டை, ஒரு கார்பைடு டிரம், அவ்வளவுதான். டிரம்மில் கார்பைடு கல்லையும் தண்ணீரையும் சேர்த்தால் கேஸ் கிளம்பும். வெள்ளைப்பூண்டை நசுக்கியது போல ஒரு நாற்றம் அந்தப் பக்கத்துக் காற்றிலேயே நிற்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் என் கால் நின்றுவிடுகிறது.

அவர் வேலை செய்வதை மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்தேன். இத்துப் போன இடத்தைக் கத்தரியால் நறுக்கி எடுத்தார். இருபதாம் கேஜ் தகட்டில் ஒரு துண்டு வெட்டினார். அதைப் புளியங்கட்டையின் நடுவில் இருந்த குழியில் வைத்து மரச்சுத்தியலால் தட்டத் தட்ட, தட்டையான தகடு கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டியின் விளிம்பு போல வளைந்து வந்தது. வண்டியில் வைத்துப் பார்ப்பார். எடுப்பார். இரண்டு தட்டு. மறுபடி வைப்பார். அளவுகோல் எதுவும் கிடையாது. பெருவிரலை இணைப்பின் மேல் ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று சொல்வார். ஒரு மணி நேரத்தில் அந்த வளைவு கம்பெனியில் வந்தது போலப் பொருந்தி உட்கார்ந்துவிட்டது.

பிறகு பற்றவைப்பு. இரும்பை இரும்போடு உருக்க ஏறக்குறைய 1,500 டிகிரி சூடு வேண்டும். அவ்வளவு சூட்டை மெல்லிய தகடு தாங்காது, அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் மேஸ்திரி பித்தளைக் கம்பியால் பற்றவைத்தார். அது 900 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கம்பியின் நுனியைச் சூடாக்கி வெங்காரப் பொடியில் முக்குவார். பொடி ஒட்டிக்கொண்டு வரும். தகட்டின் இணைப்பு செக்கச் சிவந்ததும் கம்பியைத் தொடுவார். பித்தளை தேன் போல ஓடி இடுக்குக்குள் இறங்கும். இன்னொரு கையில் ஈரத்துணி. ஒரு சாண் பற்றவைத்ததும் பக்கத்துத் தகட்டில் துணியை வைத்து அழுத்துவார், ‘சுர்’ என்று ஆவி கிளம்பும். சூடு பரவித் தகடு நெளியாமல் இருக்க அதுதான் வழி. முடிந்து பார்த்தால் வளைவைச் சுற்றி மஞ்சளாக, பொன்னாலான கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைத்துப் பட்டி போட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறார் என்பதில் எனக்கு அன்றைக்கு உண்மையாகவே வருத்தம்.

பட்டியைத் தேய்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றி, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அந்தத் தாளுக்கு ஏன் அப்படிப் பெயர் வந்ததோ, ஆனால் உப்பால் வந்த சேதத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மறக்கவில்லை.

வண்டியை எடுக்கிற நாளில் மேஸ்திரி அப்பாவிடம் சொன்னதும் மறக்கவில்லை.

“அண்ணாச்சி, வெளித்தகட்டுக்கு நான் பொறுப்பு. உள்தகட்டை நான் தொடலை. அதுலயும் துரு கிடக்கு. தொட்டா ஒரு வாரம் வண்டி நிக்கும். இப்பமே சொல்லிட்டேன்.”

“நிக்க முடியாது மேஸ்திரி. திங்கக்கிழமை எஃப்.சி. அது முடிஞ்சு லோடு அடிச்சாத்தான் டியூ கட்ட முடியும்.”

“அப்பம் கொண்டு போங்க. ரெண்டு வருஷம் ஓடும். அதுக்கப்புறம் எங்கிட்ட கோவிச்சுக்கக் கூடாது.”

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பவரின் கண்ணுக்கு வெளித்தகடு மட்டும்தான் தெரியும். உள்தகட்டுக்குச் செலவழிக்க ஒரு வார வருமானம் வேண்டும், அது அவரிடம் இல்லை. அந்த முடிவை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அந்த வண்டியின் லோடில்தான் நானும் அக்காவும் படித்தோம்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால், புரட்டாசியில், அப்பா இன்னொரு வைத்தியம் செய்வார். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கொஞ்சம் டீசலைக் கலந்து வண்டியின் அடியெல்லாம் அடிக்கச் சொல்வார். பிறகு மண் ரோட்டில் இரண்டு மைல் ஓட்டுவார். புழுதி ஆயிலில் ஒட்டி ஒரு தோல் போலப் பிடித்துக்கொள்ளும். துருவைத் தள்ளிப்போட அது ஓரளவு உதவியது உண்மை. ஆனால் அந்த ஆயில் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்தது. ஒழுகியதெல்லாம் வீட்டு முற்றத்து மண்ணுக்குள் போனது. அந்த இடத்தில் இன்றைக்கும் புல் முளைப்பதில்லை. நான் அதைச் செய்வதில்லை.

அடுத்த பத்து வருடங்களில் வண்டி இரண்டு மூன்று பட்டறைகளுக்கு வேலைக்குப் போய் வந்தது. மேஸ்திரிக்கு மூச்சுத் தொந்தரவு வந்து பட்டறையை மூடிவிட்டார். இடப்பக்க வளைவு வேறொரு இடத்தில் ஒரே நாளில் சரியாகி, பளபளவென்று வீட்டுக்கு வந்தது. எப்படி ஒரே நாளில் முடிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதிகளை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடித் தெருக்களில் படகு போனது. அளங்களில் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது. அதற்குள் நான் வாங்கியிருந்த புது வண்டியை முன்கூட்டியே மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அப்பாவின் பிக்கப்பை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. மூன்று நாள் சக்கரம் மூழ்கத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தோம். பங்குனி வெயிலில் வளைவுகள் நான்கிலும் கொப்புளம் கிளம்பியது.

பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பழைய வண்டிகளைக் கழிப்பதற்கென்றே 2021இல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்திருக்கிறது, அதில் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று மச்சான் விவரமாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். முப்பது வருட வண்டியின் புகையை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அளத்து வரப்புகளுக்குள் நுழைந்து திரும்ப இந்த வண்டி போல வேறு எதுவும் வாகாக இல்லை. தினமும் ஓட்டப்போவதும் இல்லை. அதற்கும் மேல், ஸ்டியரிங்கில் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடம் எது என்று என் கைக்குத் தெரியும். சரிசெய்வது என்று முடிவு செய்தேன். இந்த முறை உள்தகட்டிலிருந்து.

ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு, சிஓடூ மெஷினைக் கடனில் வாங்கித் தனியாகக் கடை போட்டிருக்கிற இந்தப் பையனிடம் வண்டியை விட்டேன். முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றினான். டீசல் டேங்கின் ட்யூபைக் கழற்றி வாயை அடைத்தான். பிறகு கட்டிங் வீல்.

இடப்பக்கத்தைத் திறந்தபோதுதான் அந்த ஒரு நாள் வேலையின் ரகசியம் தெரிந்தது. ஓட்டைக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் கோணித் துண்டை வைத்து, விரற்கடை கனத்துக்குப் பட்டியைப் பூசியிருக்கிறார்கள். தாள் ஒவ்வொரு மழையிலும் தண்ணீரைக் குடித்து, குடித்ததைத் தகட்டின் மேலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றிலும் இரும்பே இல்லை. கையால் பிய்த்தால் வந்தது. எனக்கு அன்று முழுக்க ஆத்திரம் அடங்கவில்லை. வேலையில் குறை வரலாம். செய்யாத வேலையைப் பூசி மறைத்துக் காசு வாங்குவது குறை இல்லை, துரோகம்.

வலப்பக்கத்தில் பட்டியைச் சுரண்டியபோது பையன் என்னைக் கூப்பிட்டான். “அண்ணே, இங்க பாருங்க. என்ன இது, மஞ்சளா?”

மேஸ்திரியின் பித்தளைக் கோடு. இருபத்தாறு வருடம் உப்பில் கிடந்தும் ஓர் இடத்திலும் விடவில்லை. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்ததும் அன்று பார்த்த அதே பொன்நிறம். அவர் வைத்த துண்டும் பாதிக்கு மேல் திடமாக இருந்தது. ஆனால் கோட்டை ஒட்டி, அரை விரல் அகலத்துக்கு, பழைய தகடு ரம்பம் போல அரித்துப் போயிருந்தது. உப்பு ஈரத்தில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் முதலில் கரையும். இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் ஒரு சின்ன பேட்டரியே உண்டாகிவிடுகிறது. பிளஸ் டூ புத்தகத்தில் படித்ததை அந்த வளைவின் உள்ளே கண்ணால் பார்த்தேன். அவரிடம் இருந்தது அந்தக் கம்பி. அந்தக் கம்பியால் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலையை அவர் செய்திருந்தார்.

இன்றைய முறை மேலானது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. துரு தெரிகிற இடத்தோடு நிற்காமல் அதற்கும் ஓர் அங்குலம் தள்ளி, வெள்ளை இரும்பு வருகிற வரை வெட்டினான். முதலில் உள்தகடு. காலண்டர் அட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்துத் தகட்டை வெட்டினான். துத்தநாகம் பூசிய தகடுதான் வாங்கி வந்தோம். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காக்கும், பித்தளைக்கு நேர் எதிர். வெல்டிங் வைக்கிற விளிம்புகளில் மட்டும் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்தான், இல்லாவிட்டால் அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும். வெல்டிங்கையும் ஒரே ஓட்டமாக ஓட்டவில்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு என்று கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வைத்துக்கொண்டே போனான். தகடு நெளியவில்லை, ஈரத்துணியும் தேவைப்படவில்லை.

ஆனால் வளைவை உருட்டிக் கொண்டுவருவதில் திணறினான். இந்தப் பழைய மாடலுக்கு ரெடிமேட் தகடு கிடைக்கவில்லை. ஒன்றரை நாள், மூன்று துண்டு வீண். மேஸ்திரியின் புளியங்கட்டையை நினைத்துக்கொண்டேன்.

எட்டாத மூலையில் மிச்சமிருந்த துருவுக்கு ஒரு திரவத்தைத் தடவினான். அரை மணி நேரத்தில் செம்பழுப்புத் துரு கருநீலமாக மாறியது. டப்பாவைத் திருப்பிப் படித்தேன். டானிக் அமிலம். கடுக்காயில் இருக்கிற துவர்ப்பு அந்தச் சேர்மான வகைதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மூரில் மை காய்ச்சியதும் இதே வித்தை, துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருக்கும். தாத்தா கணக்கெழுதிய மையும் பேரன் வண்டித் துருவை நிறுத்துகிற மருந்தும் ஒரே நிறத்தில் இருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அதன்பின் எபாக்சி பிரைமர், மடிப்புகளில் சீலன்ட், மேலே தாள் கனத்துக்கு மட்டும் பட்டி, பெயின்ட். கடைசியாக, மெல்லிய குழாயைத் துளை வழியாக உள்ளே விட்டு மெழுகு அடித்தான். அது மடிப்புக்குள் ஊர்ந்து போய்ப் படிந்துகொள்ளும். ஆர்.டி.ஓ. கண்ணுக்கும் ஊரார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்தான் இந்த முறை என் காசில் பெரும்பகுதி போயிருக்கிறது. கழுவுவதும் இப்போது நல்ல தண்ணீரில்தான், லாரித் தண்ணீராக இருந்தாலும்.

வெட்டி எடுத்த வலப்பக்கத் துண்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. துணியில் சுற்றி மேஸ்திரி வீட்டுக்கு எடுத்துப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டார். துண்டை மடியில் வைத்தேன். பெருவிரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அன்றைக்கு ஓட்டியது போலவே, மெதுவாக ஓட்டினார். திரும்ப ஒரு முறை ஓட்டினார்.

“பத்து நிக்கு,” என்றார்.

“நிக்கு தாத்தா. ஒரு இடத்துல விடலை.”

“உள்தகடு?”

“புதுசு போட்டாச்சு. நாலு வளைவுக்கும்.”

முகம் மலர்ந்தது. “அன்னைக்கே போட்டிருக்கணும். அண்ணாச்சிக்குத் தோது இல்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். “தண்ணி வடிய துளை விட்டிருக்கானா?”

“விட்டிருக்கான். வளைவுக்கு மூணு.”

“மூணா? நாலுல்லா உண்டு. பின்னால, மட்ஃபிளாப் மாட்டுத பட்டைக்கு மேல ஒண்ணு இருக்கும். சின்னதா. அங்கதான் சேறு கட்டும். போய்ப் பாரு.”

இருட்டிவிட்டதால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் துளை இல்லை. புதுத் தகடு அதை மூடியிருந்தது. மறுநாள் காலையில் பையனைக் கூப்பிட்டு, நான்கு வளைவிலும் துளை போட்டு, விளிம்புக்குப் பிரைமர் தடவி, காய்ந்த பிறகு ஹோஸை மேலே பிடித்தோம். மற்ற மூன்று துளைகளிலும் சொட்டுச் சொட்டாக வந்தது. நாலாவதில் தண்ணீர் கயிறு போல இறங்கியது.